கவ்வாத்து மாதம்

நமது நாட்டுக்கு வசந்தகாலம் என்று ஒன்று கிடையாது. தரம் 8 வகுப்பில் பெரும்பொழுதுகள் ஆறையும் கரும்பலகையில் எழுதி, இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "அது எங்கட ஊருக்கு எப்ப சேர் வரும்?" என்று கேட்டுவிடும். நியாயமான கேள்வி. வெலிமடைப் பக்கத்து மலைக்கிராமம் எங்களுடையது. மரக்கறிச் செய்கைதான் ஊருக்குச் சோறு போடுகிறது. மழை பெய்கிற மாதம், மழை ஓய்ந்த மாதம், காற்று வீசுகிற மாதம் என்ற கணக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மரங்களெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாகி நின்று, பின்பு ஒரு காலையில் ஒன்றுசேர்ந்து துளிர்க்கின்ற அதிசயம் குளிர்நாடுகளுக்கு உரியது. அதை நாங்கள் பாடப்புத்தகத்திலும் சினிமாவிலும்தான் கண்டிருக்கிறோம்.

ஆனாலும் ஏப்ரல் பிறந்தால் நுவரெலியா நகரில் வசந்தகாலக் கொண்டாட்டம் தொடங்கிவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாவியில் படகோட்டம், கொழும்பிலிருந்து வரிசையாக வந்து சேரும் வாகனங்கள் என்று ஊர் களைகட்டிவிடும். 'சீசன்' என்ற ஒரு சொல்லிலே எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் விக்டோரியா பூங்காவிலும் ஹக்கல தாவரவியல் பூங்காவிலும் பூக்கள் நிற்கிற கோலத்தைப் பார்க்கும் எவருக்கும், இந்த நாட்டிலும் வசந்தம் உண்டு என்றே எண்ணத் தோன்றும். வானம் தராத ஒரு பருவத்தை யாரோ மண்ணில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த 'யாரோ'வை நான் சந்தித்தது 2021ஆம் ஆண்டில், பூக்கள் இல்லாத ஒரு பெப்ரவரி மாதத்தில்.

ஹக்கல எங்களுக்குப் புதிய இடமல்ல. நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில், சீதா எலிய கோயிலைக் கடந்து, ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றரில், செங்குத்தான ஒரு பெரும்பாறையின் அடிவாரத்தில் அது இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,500 அடி உயரம். சிங்களத்தில் 'ஹக்க' என்றால் தாடை, 'கல' என்றால் பாறை. இமயத்தின் ஒரு துண்டை அனுமான் தாடையில் கவ்விக்கொண்டு வந்தபோது இங்கே விழுந்தது என்பது அந்தப் பாறையைப் பற்றிய கதை. பாறையைச் சுற்றிய காடு யாரும் நினைத்தபடி நுழைய முடியாத இயற்கை ஒதுக்கம். அங்கிருந்து இறங்கிவரும் கரடிக்குரங்குகள் பூங்காவின் உயர்ந்த மரங்களில் இருந்தபடி மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூங்காவின் ஒரு புறத்தில் மூடுபனி; மறுபுறத்தில் ஊவாவின் மலைகள் வெயிலில் அடுக்கடுக்காய்த் தெரியும். பாடசாலைச் சுற்றுலா என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வரும் இடமும் அதுதான்.

ஆனால் எங்கள் வாப்பா ஒரு தடவையேனும் அந்தப் படலைக்குள் நுழைந்தவரல்லர். கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று நாற்பது வருடங்களுக்கு மேல் மண்ணோடு கிடந்த மனிதர். மரக்கறி லொறியில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறார். உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பூங்காவுக்குப் போவோம் என்று நாங்கள் கேட்டால், "பூவைப் பார்க்கக் காசு குடுக்கிறதா? எங்கட கிழங்குச் செடியும் பூக்குதுதானே, அதைப் போய்ப் பாருங்க" என்பார். உருளைக்கிழங்குச் செடி பூக்கும்போது பாத்திகள் மேல் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பரந்து கிடப்பது உண்மையிலேயே அழகுதான். வாப்பா அந்த அழகுக்காக அதைச் சொன்னவரல்லர். பூத்துவிட்டால் நிலத்துக்கடியில் கிழங்கு திரளத் தொடங்கிவிட்டது என்பதே அவருடைய மகிழ்ச்சி.

2021 ஜனவரியில், தமது 74ஆவது வயதில், கொவிட் நோயினால் வாப்பா மௌத்தானார்.

அதற்குப் பின் நடந்தவற்றை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விவரித்துச் சொல்லத் தேவையில்லை. கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்தது. அடக்கம் செய்வதும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல் இருந்தும் அந்த விதி பத்து மாதங்களுக்கு மேல் மாறவில்லை. 2020 டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். எல்லாச் சமூகத்தவரும் வந்து கட்டினார்கள். எங்கள் ஊரிலும் வீட்டுப் படலைகளில் கபன் துணியின் கிழிசல்கள் காற்றில் ஆடின. வாப்பாவின் கையும் ஒன்றைக் கட்டியது. இரண்டு மூன்று வாரங்களில் அந்த வரிசை எங்கள் வீட்டுக்கே வந்து நின்றது. நானாவும் நானும் தூரத்தில் நின்று பெட்டியைப் பார்த்தோம். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை. சாம்பலை நாங்கள் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி, மையித்தில்லாமல் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுதோம்.

இத்தாவில் இருந்த உம்மா அழுது ஓய்ந்தபின் ஒரு கேள்வியை மட்டும் கேட்டார். "வாப்பாவ எங்க வெச்சிருக்கு?"

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால், அடக்கி முடிந்ததும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் நட்டு, பக்கத்தில் ஒரு செடியையும் நட்டுவிட்டு வருவது வழக்கம். பெரும்பாலும் குரோட்டன், சில வேளைகளில் ஒரு மல்லிகைக் கொடி. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து மையவாடிப் பக்கம் போகிறவர்கள் ஸலாம் சொல்லி, துஆ ஓதி, போத்தலில் கொண்டுபோன தண்ணீரை அந்தச் செடிக்கு ஊற்றிவிட்டு வருவார்கள். செடி தளிர்த்தால் வீட்டுக்கு வந்து அதைச் சொல்வார்கள். அது ஒரு செய்தி. துக்கம் மெதுமெதுவாக வேறொன்றாக மாறுவதற்கு எங்கள் முன்னோர் கண்டுபிடித்து வைத்த வழி அதுவாக இருக்கலாம். வாப்பாவுக்கு அந்த இடம் இல்லை. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பது எனக்குத் தெரியவில்லை.

பெப்ரவரி நடுப்பகுதியில் நுவரெலியாவுக்கு ஓர் அலுவலாகப் போய்விட்டுத் திரும்பும்போது ஹக்கலவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இறங்குவோம் என்று எண்ணி ஏறியவனல்லன். வீட்டுக்குப் போனால் உம்மாவின் கேள்வி காத்திருக்கும். அதற்கு முன் கொஞ்ச நேரம் எங்கேயாவது இருக்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். உல்லாசப் பயணிகள் யாருமில்லை. கொவிட் காலத்து வெறுமை. பூங்காவுக்குள் போனால் அங்கே பூவும் இல்லை. வருடாந்தப் பூச்செடிகளின் பாத்திகள் கொத்திப் புரட்டப்பட்டு, கறுத்த மண்ணாகக் கிடந்தன. ரோஜாத் தோட்டத்தில் ரோஜாவைக் காணோம். முழங்கால் உயரத்துக்கு முள்ளுக் குச்சிகள்தான் நின்றன. மையவாடியில் மீஸான்கள் நிற்பதுபோல வரிசை வரிசையாக நின்றன. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்தக் குச்சிகளுக்கிடையில் ஒரு பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தலையில் துணி, இடுப்பில் சாக்கு, கையில் கவ்வாத்துக் கத்தரி. மலைநாட்டில் செடியை வெட்டி ஒழுங்காக்குவதற்குக் 'கவ்வாத்து' என்றுதான் சொல்வார்கள். தேயிலையோடு வந்த சொல். நான் நெடுநேரம் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"பூ பாக்க வந்தீங்களா சேர்? இப்ப ஒண்ணும் இருக்காதே. ஏப்ரலுக்கு வாங்க."

"எல்லாத்தையும் வெட்டிட்டீங்களே அம்மா?" என்றேன்.

"இப்ப வெட்டுனாத்தான் சேர் ஏப்ரல்ல பூக்கும். வெட்டாம வுட்டா அங்கொண்ணு இங்கொண்ணா பூத்துட்டு நின்னுரும்."

பிறகு அவர் ஒரு குச்சியைப் பிடித்துக் காட்டினார். பட்டையில் சிவந்த ஒரு சிறு புடைப்பு. "இதுதான் கண்ணு. வெளிப்பக்கம் பாத்த கண்ணா பாத்து, அதுக்கு மேல கொஞ்சம் வுட்டு, சாய்வா வெட்டணும். நேரா வெட்டுனா தண்ணி நின்னு அழுகிப் போயிரும். கண்ணு பாக்காம வெட்டுனா அந்தக் குச்சி செத்துரும்."

நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வரிசைகளுக்கிடையில் நடந்தேன். முதலில் மீஸான்களாகத் தெரிந்த குச்சிகளில் இப்போது கண்களைத் தேடத் தொடங்கினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே ஒன்று இருந்தது. சில அரிசி மணியளவு. சில பிளந்து, உள்ளே செந்நிறத் துளிரின் நுனி தெரிந்தது. நாற்றுமேடைப் பக்கம் போனேன். அங்கே ஏப்ரலில் பூக்கவேண்டிய செடிகள் இரண்டு இலை, நான்கு இலைப் பருவத்தில் நின்றன. ஒருவர் அவற்றுக்குப் பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பாறையின் மேலிருந்த மூடுபனி இறங்கி வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. பூங்காவின் ஓரத்திலே அஸரைத் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். அன்று நான் வீட்டுக்குப் போய் உம்மாவின் கேள்விக்கு விடை சொல்லவில்லை. விடை கிடைத்திருக்கவுமில்லை. ஆனால் வாப்பா போனபின் முதற்தடவையாக அன்று இரவு விடியும்வரை தூங்கினேன்.

அதன்பின் மாதத்துக்கு ஒரு தடவையேனும், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், அங்கே போய் நடப்பது எனக்கு வழக்கமாயிற்று. பயணத் தடைக் காலத்திலும், 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் ஓடாத காலத்திலும் அது அறுந்து அறுந்து தொடர்ந்தது. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்திலிருந்தே எதைப் பார்த்தாலும் குறிப்பெழுதும் பழக்கம் எனக்கு உண்டு. பூங்காவைப் பற்றியும் தேடிப் படித்துக் குறித்துக்கொண்டேன்.

ஹக்கல பூங்கா பூவுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. 1861இல் ஆங்கிலேயர் அதைத் தொடங்கியது சிங்கோனா மரத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காக. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளுக்குரிய மரம் அது. அதன் பட்டையிலிருந்து எடுக்கப்படும் குயினைன்தான் அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு உலகம் அறிந்திருந்த மருந்து. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது, துரைமார் பலர் சிங்கோனாவைப் பயிரிட்டார்கள். பட்டையை உரித்தும், மரத்தை அடியோடு வெட்டி மறுபடி தளிர்க்க விட்டும் ஏற்றுமதி செய்தார்கள். 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையை நிறைத்து, விலை விழுந்து, அந்தப் பயிரும் கைவிடப்பட்டது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1884இல் ஹக்கல ஒரு தாவரவியல் பூங்காவாயிற்று. ரோஜாவும், மரப் பன்னங்களும், சைப்பிரஸ் மரங்களும், குளிர்நாட்டுப் பூக்களும் அங்கே வந்து சேர்ந்தன.

இந்த வரலாற்றில் என் மனதைத் தொட்டது ஒன்றுதான். ஒரு தொற்றுநோய்க்கு மருந்து தேடிய இடம் அது. அந்த மருந்துக்கும் எட்டாமல், 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாப் பெருந்தொற்றில் இந்நாட்டில் பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆனாலும் அதைத் துரத்தும் வேலை நிற்கவில்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார தாபனம் சான்று வழங்கியது. சிங்கோனா நட்ட காலத்திலிருந்து கணக்கிட்டால் 155 வருடங்கள். நட்டவர் யாரும் அதைக் காண இருக்கவில்லை. அடுத்த தொற்றுநோய் வர நான்கு வருடங்கள்கூட ஆகவில்லை. நோயை நாம் ஒருபோதும் ஒரேயடியாக வெல்வதில்லை. ஆனால் நோய் வந்தபோது நாம் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொண்டோம் என்பது மாத்திரம் நோய் போனபின்னும் மீந்து நிற்கிறது.

'தோட்டம்' என்ற சொல்லைப் பற்றியும் அந்த நடைகளில் நிறைய யோசித்திருக்கிறேன். மலைநாட்டில் ஒருவர் 'தோட்டத்தில் இருக்கிறேன்' என்றால் அது தேயிலை. லயம், கொழுந்து, கூலி, அட்டை எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் ஊரில் 'தோட்டத்துக்குப் போகிறேன்' என்றால் மண்வெட்டியோடு மரக்கறிப் பாத்திக்குப் போவது. ஓதற் பள்ளியில் 'ஜன்னத்' என்பதற்குச் சுவர்க்கம் என்று பொருள் படித்தோம். அதுவும் அரபியில் தோட்டம் என்று பொருள் தரும் சொல்லே. மதீனாப் பள்ளிவாசலில் நபிகளாரின் (ஸல்) இல்லத்துக்கும் மிம்பருக்கும் இடைப்பட்ட பகுதியை ரவ்ழா என்கிறோம். அதற்கும் பொருள் தோட்டம். மொகலாயப் பேரரசர் பாபர் 1530இல் ஆக்ராவில் இறந்தார். பின்னர் அவரது உடல் அவர் நேசித்த காபூல் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கப்பட்டது. இன்றும் அந்தத் தோட்டம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கபுறும் தோட்டமும் நம் மரபில் எப்போதும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். அதனால்தான் கபுறு இல்லாத வாப்பாவைத் தேடி என் கால்கள் தோட்டத்துக்குப் போயிருக்கவேண்டும். பாபருக்குக் கிடைத்ததைக் கேட்கவில்லை. ஒரு மரக்கறித் தோட்டக்காரருக்கு ஆறடி மண் கிடைத்திருக்கலாம்.

எழுத்தாள நண்பர் ஒருவரிடம் இந்த நடைகளைப் பற்றி ஒருமுறை சொன்னேன். அவர் சற்றுக் கோபத்தோடு, "நம்மட சமூகம் இவ்வளவு பட்டபிறகு பூந்தோட்டத்தைப் பற்றி எழுதுவது தப்பி ஓடுவது மாதிரி" என்றார். இன்னொரு நண்பர் அதற்கு நேரெதிர். "இனி அதெல்லாத்தையும் மறந்திடுங்க மாஸ்டர், நிம்மதி வேணுமெண்டா மறக்கத்தான் வேணும்" என்றார். இருவரும் என்மேல் அன்பு கொண்டவர்கள். இருவர் சொன்னதையும் பூங்காவில் நடந்தபடி நிறுத்துப் பார்த்தேன்.

ஏப்ரலில் ரோஜாச் செடிகள் பூத்துக் குலுங்கும்போது குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெப்ரவரியில் வெட்டிய வெட்டு அங்கே அப்படியே இருக்கும். அது ஆறி, கறுத்து, கெட்டியாகியிருக்கும், மறைந்திருக்காது. போன வருடத்து வெட்டும் அதற்குக் கீழே இருக்கும். செடி ஒன்றையும் மறக்கவில்லை. வெட்டுக்குப் பக்கத்திலிருந்தே துளிர்த்திருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: கவ்வாத்து வேறு, முறிப்பது வேறு. எங்களுக்கு நடந்ததைக் கவ்வாத்து என்று நான் சொல்லமாட்டேன். கண் பார்த்து வெட்டிய வெட்டல்ல அது. 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லி அதை அலங்கரிக்கவும் எனக்கு மனமில்லை. காற்றில் முறிந்த கிளையையும் தோட்டக்காரர் அப்படியே விட்டுவிடுவதில்லை. முறிந்த இடத்துக்குக் கீழே ஒரு கண் தேடி, சீராக வெட்டி விடுகிறார் என்பதைத்தான் நான் கண்டேன். முறித்தது காற்றின் வேலை. கண் தேடுவது நம் வேலை. அந்த வேலையில் இறங்கியவனுக்கு மறக்கவும் தேவையில்லை, ஓடவும் தேவையில்லை.

2021 பெப்ரவரி கடைசியில் விதி மாறியது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதலாவது ஜனாஸா அடக்கப்பட்டது. அடுத்த ஒரு வருட காலத்தில் அந்த மண்ணில் 3,000க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமூகத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்தும் ஒரு தாயை அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்துப் போய் ஸியாரத் செய்துவிட்டு வருகிறார்கள். தூரம்தான், ஆனாலும் ஓர் இடம். அவர்கள் போய்வந்து சொல்வதை உம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆறு வாரங்கள் பிந்தியிருந்தால் வாப்பாவும் அங்கே இருந்திருப்பார் என்ற கணக்கை உம்மா போட்டதுண்டா என்று நான் கேட்டதில்லை. நான் போட்டிருக்கிறேன்.

2023இல் நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த வாரம் உம்மாவை ஹக்கலவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தமது 70 வயதுக்குள் அதுவே அவருக்கு முதற்தடவை. படிகளில் மெதுவாக ஏறினார். பூக்கள் உச்சத்தில் இருந்த நேரம். டேலியாக்கள் கோப்பையளவு விரிந்திருந்தன. ரோஜாத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மணம் வந்து முகத்தில் மோதியது. உம்மா எதையும் தொடவில்லை. சால்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று சொல்லியபடி நடந்தார். பிறகு பூப்பாத்தி ஒன்றின் ஓரத்தில் நின்று, தலையைச் சாய்த்து அதன் நீளத்துக்குப் பார்த்தார்.

"ஒங்கட வாப்பா இதப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா மகன்?"

"என்ன உம்மா?"

"பாத்தி கோணல் எண்டு சொல்லியிருப்பாரு."

சிரித்துவிட்டோம். வாப்பா மௌத்தானபின் அவரைப் பற்றிப் பேசி உம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன். பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்து, வாப்பாவின் பாத்திகளைப் பற்றி, கயிறு கட்டி அவர் வரம்பு பிடிக்கும் நுட்பத்தைப் பற்றி, கலியாணம் முடித்த புதிதில் பனி கருக்கிய ஒரு கிழங்குப் போகத்தைப் பற்றி உம்மா பேசிக்கொண்டே இருந்தார். ஒரு கொண்டைக்குருவி வாங்கின் முதுகில் வந்தமர்ந்து போனது. எழும்பும்போது பூங்காவை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "மண்ணெல்லாம் அல்லாஹ்வுட மண்தானே மகன். ஸலாம் எங்க இருந்து சொன்னாலும் போய்ச் சேரும்" என்றார். 'எங்க வெச்சிருக்கு' என்ற தமது கேள்விக்கு, நான் இரண்டு வருடமாகத் தேடிய விடையை உம்மாவே சொல்லிவிட்டார்.

2024 ஜூலையில், கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோருவதென்று தீர்மானித்த செய்தி வானொலியில் வந்தது. உம்மா முழுவதையும் கேட்டார். "கேட்டது நல்லம். கேட்கத்தானே வேணும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கோரியது ஓர் ஆரம்பமே. யார், எந்த அறிவின் பேரில் அதைச் செய்தார்கள் என்ற கேள்விக்கு விடை இன்னும் வரவேண்டியிருக்கிறது. அதை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். நிம்மதி அடைந்தவன் நியாயம் கேட்கக்கூடாது என்று சட்டமில்லை. பதற்றமில்லாமல் நிதானமாகக் கேட்பதற்கே நிம்மதி தேவைப்படுகிறது.

இப்போதெல்லாம் பிள்ளைகளை நான் ஏப்ரலில் ஹக்கலவுக்குக் கூட்டிப் போவதில்லை; பெப்ரவரியில் கூட்டிப் போகிறேன். அதிபர் முதலில் சிரித்தார். "பூ இல்லாத நேரம் பூங்காவுக்குச் சுற்றுலாவா?" என்று பெற்றோரும் கேட்டார்கள். பிள்ளைகளுக்கும் ஏமாற்றம்தான். ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, ரோஜா வரிசைகளுக்கிடையில் விட்டு, கண் என்றால் எது என்று மட்டும் காட்டிக் கொடுப்பேன். வேலை செய்கிறவர்களோடு பேசச் சொல்வேன். எங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தோட்டத்து வேலையை வெட்கமாக எண்ணுகிறவர்கள். அங்கே சம்பளத்துக்கு அதே வேலையை நுட்பமாகச் செய்கிறவர்களைக் கண்டதும் அவர்களுடைய கேள்விகள் மாறிவிடும். உரம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளுக்கொரு தடவை, பனி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று விவசாயிகளின் பிள்ளைகளாகக் கேட்கத் தொடங்குவார்கள்.

திரும்பி வந்ததும் ஒரு பக்கக் கட்டுரை எழுதவேண்டும். கடந்த தடவை, எழுதச் சொன்னாலே முகம் சுளிக்கின்ற ஒரு பையன் இரண்டே வரிகள் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். பூங்காவில் இன்று ஒரு பூவும் இல்லை என்பது முதல் வரி. எனக்குத் தந்த செடியில் 23 கண்கள் இருந்தன என்பது இரண்டாவது.

முழுப்புள்ளி கொடுத்தேன்.